கோலியாத்தின் எட்டாவது இறக்கம்

"மெடிக்கல் சர்ட்டிஃபிகேட்?" என்றாள் அனுமதிக் கவுண்டரில் இருந்த ஆல்வினா, நிமிர்ந்து பார்க்காமல்.

இம்மானுவேல் கோலியாத் சட்டைப் பையைத் தட்டினார். கால்சட்டையின் ஆறு பைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். தொப்பியைக் கழற்றி அதற்குள்ளும் எட்டிப் பார்த்தார். பிறகு, நாலு நாளாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அடடா! வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேனே!"

"சர்ட்டிஃபிகேட் இல்லாத ஆளு பள்ளத்தாக்குல இறங்கக் கூடாது. மூணு பேருக்குக் குறைஞ்ச குழுவும் இறங்கக் கூடாது. நீங்க வந்திருக்கிறதே மூணு பேரு." ஆல்வினா பொரித்த ரொட்டி உருண்டையை ஒரு கடி கடித்துக்கொண்டாள். "அப்ப யாருமே இறங்க முடியாது."

கோலியாத்தின் நெஞ்சுக்குள் ஒரு பாண்டு வாத்தியக் குழுவே வாசித்தது. வெளியே பெருமூச்சு மட்டும் வந்தது.

கீட்மன்ஸ்ஹூப்பில் ஒரு பள்ளிக்கூடத்துப் புவியியல் ஆசிரியர் அவர். பைபிளில் வரும் ராட்சதனின் பெயரான கோலியாத் என்ற குடும்பப் பெயருக்கும் அவருடைய ஐந்தடி இரண்டங்குலத்துக்கும் இடையே இருந்த இடைவெளியைப் பதினெட்டு வருஷமாகப் பேச்சால் நிரப்பி வந்தார். மீனாற்றுப் பள்ளத்தாக்கை ஐந்து நாள் நடந்து கடந்தவர் என்பது பேச்சின் சாரம். வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது ஒரு தடவையாக இருந்தது. சம்பள உயர்வு வர வர அதுவும் உயர்ந்து, இப்போது ஏழில் நின்றது. மாணவர்கள் நாட்டின் எல்லைகளை மறந்தாலும், ஆற்றின் எந்த வளைவில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பதை மறக்க மாட்டார்கள். அதை அவர் ஒரு சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்திலிருந்து எடுத்திருந்தார்.

உண்மையில் அவர் இறங்கியது ஒரே தடவை. அதுவும் ஐம்பதடி. செங்குத்தில் இரும்புச் சங்கிலி கட்டியிருக்கும் இடம் வரை போனார். சங்கிலியைப் பிடித்தார். கீழே பார்த்தார். அரை கிலோமீட்டர் ஆழத்தில் ஆறு, யாரோ கழற்றி எறிந்த ஷூ லேஸ் மாதிரி கிடந்தது. திரும்பி நிற்கக்கூடத் தைரியம் இல்லாமல், உட்கார்ந்தபடியே, பின்பக்கத்தால் மேலே ஏறி வந்தார். பாதை முடிகிற ஐஐஸ் வெந்நீர் ஊற்றுக்கு ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு போய், நாலு நாள் சுடுதண்ணீரில் ஊறி, வெயிலில் வதங்கி, வீரராக வீடு திரும்பினார். கூடப் போனவர்கள் வேலை மாற்றலாகி வடக்கே போய்விட்டதால் வரலாற்றுக்கு வேறு சாட்சி இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜனவரியில் ஒண்டாங்குவாவிலிருந்து புதிய பிரின்சிபாலாக இபிங்கே அம்மையார் வந்தார். அவருக்குக் கதை கேட்டால் போதாது. காரியம் நடக்க வேண்டும்.

"துணைப் பிரின்சிபால் இடம் காலியா இருக்கு, கோலியாத் சார். உங்களை மாதிரி நாலு பேரைக் கூட்டிட்டுப் போகத் தெரிஞ்ச ஆளுதான் வேணும். குளிர்கால லீவுல எங்களைக் கூட்டிட்டுப் போங்க, பார்த்துடுவோம்" என்றார்.

அதனால்தான் இந்தக் கவுண்டர் முன்னால் நின்றார்கள். மூன்றாவது ஆள் விளையாட்டு ஆசிரியர் ருடால்ஃப் பியூகஸ். விசில் ஊதுவதைத் தவிர வேறெந்த விளையாட்டிலும் அவரை யாரும் பார்த்ததில்லை.

"போகட்டும் மேடம். விதி" என்றார் கோலியாத், காரை நோக்கி ஓரடி எடுத்து வைத்தபடி. "என்னாலதான் கெட்டுச்சு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"நாலாம் நம்பர் இடத்துல ஒரு டாக்டர் டென்ட் போட்டிருக்கார். போய் ஒரு சர்ட்டிஃபிகேட் எழுதி வாங்கிட்டு வாங்க" என்றாள் ஆல்வினா. உதவி செய்கிறவர்களை எதுவும் செய்ய முடியாது.

டாக்டர் ஹார்ட்முட், விண்ட்ஹுக் நகரத்துக்காரர், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கோலியாத்தின் நெஞ்சில் குழாயை வைத்தார்.

"வயசு?"

"அம்பத்தொண்ணு."

"இதயத்துக்கு முப்பதுதான் ஆகுது."

"நல்லாக் கேளுங்க டாக்டர். எங்க வம்சத்துல யாருக்குமே இதயம் சரியில்ல."

"அது அவங்க பிரச்சினை. காலைத் தொங்க விடுங்க." டாக்டர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். கால் துள்ளிப் போய் டாக்டர் மனைவியின் காப்பிக் கோப்பையை உதைத்தது. "பிரமாதம்! இருபது வருஷத்துல இப்படி ஒரு முழங்காலை நான் பார்த்ததில்ல."

"பின்ன? ஏழு தடவை இறங்கினவராச்சே எங்க அண்ணன்" என்றார் பியூகஸ், தன் முழங்காலைப் பாராட்டியது போல.

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "ஏழா! நாங்க அஞ்சு பேரும் இதுதான் முதல் தடவை. வழி தெரியாம முழிச்சிட்டிருந்தோம். உங்ககூடவே வந்துடுறோமே!"

பட்டியலில் எட்டுப் பேர் ஆனார்கள். "தலைவர் முதல்ல போடுங்க" என்று ஆல்வினா நீட்டிய தாளில் கோலியாத் முதல் ஆளாகக் கையெழுத்திட்டார். தலைவர் என்ற சொல்லைக் கேட்டதும் கை தானாகவே போய்விட்டது.

போன பிறகுதான் புத்தி வந்தது. மூன்று பேராக இருந்தபோது ஒரு ஆள் கழன்றால் போதும், எல்லாருக்கும் சேர்த்துக் கதை முடிந்துவிடும். இப்போது அவர் மட்டும் கழன்றால் மீதி ஏழு பேர் ஜாம் ஜாமென்று போவார்கள். பாதியில் பின்வாங்கிய தலைவர் யாருக்கும் துணைப் பிரின்சிபால் பதவி கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. எனவே ஏழு பேரும் தாமாகவே பயந்து ஓட வேண்டும். பயமுறுத்துவதற்கு எவ்வளவோ சரக்கு கைவசம் இருந்தது.

சாயங்காலம் கறி சுடும் நெருப்பின் முன் இடுக்கியைக் கையில் எடுத்தார். நெருப்பும் இடுக்கியும் யாரிடம் இருக்கின்றனவோ அவரிடம்தான் பேச்சும் இருக்கும். இந்த நாட்டில் அது எழுதாத சட்டம். ஆட்டுக்கறி வாசனைக்கும் அவருடைய குரலுக்கும் பக்கத்து டென்ட்காரர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள்.

"கீழ சிறுத்தை இருக்கு" என்று தொடங்கினார்.

"பார்த்திருக்கீங்களா?" என்றார் டாக்டர் மனைவி.

"பார்க்கிறதா? மூணாவது தடவை போனப்ப என் போர்வைக்குப் பக்கத்துல வந்து படுத்துச்சும்மா."

"ஐயோ! அப்புறம்?"

இந்த இடத்தில் சிறுத்தை அவரைக் கடித்திருக்க வேண்டும். காரியம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பதினெட்டு வருஷப் பழக்கம் நாக்கைப் பிடித்து இழுத்தது.

"கண்ணோட கண் பார்த்தேன். எழுந்து போயிடுச்சு."

கூட்டம் மூச்சு விட்டது. கோலியாத் விடாமல் கருந்தேளை அவிழ்த்துவிட்டார். தேள் இன்னொருவரைக் கொட்டியது. அவரைத் தோளில் சுமந்து வந்தது யார்? புதைமணல் வந்தது, நாலு பேர் இடுப்பு வரை போனார்கள், பெல்ட்டைக் கழற்றி வீசி இழுத்தது யார்? உணவு மூட்டையைப் பபூன் குரங்குகள் தூக்கிக்கொண்டு போனபோது, அவற்றின் தலைவனிடமே நியாயம் பேசி மீட்டது யார்? கதையில் வந்த எல்லாருக்கும் ஏதாவது ஆயிற்று. கதாநாயகருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

கதை முடிந்தது. கிபியோன் தேவாலயத்துப் பாடகர் குழுவின் தலைவி யோஹன்னா, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"வாத்தியாரே, நாங்க பதிமூணு பொம்பளைங்க. நாளைக்கு எங்க பாட்டுக்கு இறங்கிடலாம்னுதான் இருந்தோம்."

"இப்ப பயமா இருக்கா?" என்றார் கோலியாத், ஆவலோடு.

"உசிரே போயிடுச்சு."

"அப்ப வீட்டுக்குத் திரும்பிடுறதுதானே புத்திசாலித்தனம்..."

"திரும்புறதா? ஆண்டவரே உங்களை அனுப்பியிருக்கும்போது? நீங்க இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டோம்!" திரும்பி, "பொண்ணுங்களா, போய் வாத்தியார் பட்டியல்ல பேரைக் குடுங்க!" என்று உத்தரவு போட்டார்.

பதிமூன்று பேரும் கோலியாத்தை நடுவில் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்தோத்திரம் பாடிக்கொண்டே அலுவலகத்துக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது குழுவில் இருபத்தொரு பேர். பிரின்சிபால் அம்மையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இதைத்தான் சொன்னேன், பியூகஸ். நாம ஸ்டாஃப் மீட்டிங்குக்கு ஏழு பேரைச் சேர்க்க முடியல. இவரைப் பாரு."

விடிந்தது. பனியில் டென்ட்டெல்லாம் விறைத்திருந்தது. கோலியாத்திடம் ஒரே வழிதான் பாக்கி: கௌரவமான காயம். பல் விளக்கப் போகிறவர் போலக் கிளம்பி, எல்லாரும் பார்க்கிற இடமாகத் தேர்ந்தெடுத்து, ஒரு டென்ட்டின் கயிற்றில் காலை விட்டு விழுந்தார்.

"அம்மா! கணுக்கால்!"

துரதிர்ஷ்டம், அவர் தேர்ந்தெடுத்த கயிறு ரெஹோபோத் ரக்பி அணியின் கயிறு. டென்ட்டிலிருந்து ஒன்பது பேர் வெளியே வந்தார்கள். ஒவ்வொருவனும் குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு இருந்தான்.

"மாமா, நேத்து சிறுத்தைக் கதை சொன்னது நீங்கதானே?" என்றான் கேப்டன் டெவால்ட், அவரை ஒற்றைக் கையால் நிமிர்த்தியபடி. "கால் போச்சா?"

"போச்சுப்பா. என்னால இனி ஒரு அடி நடக்க முடியாது. மத்தவங்களாவது..."

"என்ன வெயிட் இருப்பீங்க?"

"அம்பத்தெட்டு."

டெவால்ட் திரும்பிப் பார்த்தான். "டேய், அம்பத்தெட்டாம்டா!" ஒன்பது பேரும் சிரித்தார்கள். "நாங்களும் இன்னிக்கு இறங்குறவங்கதான் மாமா. உங்க குழுவுல சேர்ந்துக்கிறோம். முறை போட்டுத் தோள்ல தூக்கிட்டுப் போறோம். அந்தச் சங்கிலி இருக்கிற இடத்துல உங்களை ஒருத்தன்கிட்டருந்து ஒருத்தனுக்குத் தூக்கிப் போட்டா வேலை முடிஞ்சுது. தினம் பந்தை வச்சுப் பண்றதுதானே!"

கோலியாத் அந்தக் காட்சியை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். கணுக்கால் உடனே குணமாகிவிட்டது.

"நடந்துடுறேன்பா" என்றார்.

"மனவலிமை!" என்றார் இபிங்கே அம்மையார். "இதை நோட்டீஸ் போர்டுல எழுதிப் போடணும்."

ஏழு மணிக்கு எல்லாரும் மூட்டை முடிச்சோடு அலுவலக வாசலில் வரிசையாக நின்றார்கள். வரிசையின் தலையில் கோலியாத். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் பூமி சட்டென்று முடிந்து போயிருந்தது. அதைப் பார்க்காமலிருக்க அவர் ஆல்வினாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பட்டியலின் கடைசி எண்ணில் பேனாவை வைத்தாள்.

"இது ஆகாது" என்றாள்.

"என்ன ஆகாது?" என்றார் யோஹன்னா.

"ஒரு நாளைக்கு முப்பது பேருதான் இறங்கலாம். இங்க முப்பத்தொண்ணு வரைக்கும் நம்பர் ஓடுது. ஒரு ஆளு நிக்கணும்."

வாசலில் சலசலப்பு எழுந்தது. டாக்டர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி டாக்டரைப் பார்த்தார். பாடகிகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் சேர்ந்து பியூகஸின் வயிற்றைப் பார்த்தார்கள்.

"அண்ணே, நான் வேணா..." என்று பியூகஸ் வாயைத் திறந்தார்.

"வாயை மூடு!" என்றார் கோலியாத். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவர் எதையும் சொன்னதில்லை. பின் குரலைத் தாழ்த்தி, ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார்.

"நண்பர்களே! நான் நிக்கிறேன்."

"ஐயோ, வேணாம் சார்!"

"குறுக்கே பேசாதீங்க. ஏழு தடவை இந்த அழகைப் பார்த்தவன் நான். இந்த எட்டாவதை உங்கள்ல ஒருத்தருக்கு விட்டுக் குடுக்குறேன். தலைவன்னா முன்னால போறவன் மட்டும் இல்ல. இடம் பத்தலைன்னா ஒதுங்கி நிக்கிறவனும் அவன்தான். சங்கிலி வர்ற இடத்துல கீழ பார்க்காதீங்க. வானத்தைப் பாருங்க. அங்க நான் இருப்பேன்."

இதற்குச் சரியான அர்த்தம் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பாடகிகள் பதிமூன்று பேரும் அழுதார்கள். ரக்பிக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். டாக்டர், இப்படியொரு இதயத்தைக் குழாய் வைத்துக் கேட்ட பெருமையில் மூக்கை உறிஞ்சினார். இபிங்கே அம்மையார் முன்னால் வந்து அவருடைய இரண்டு கையையும் பற்றிக்கொண்டார்.

"இனி இன்டர்வியூ எதுக்கு? திங்கக்கிழமை ஆர்டர் அடிச்சுடுறேன், துணைப் பிரின்சிபால் சார்."

கோலியாத் கண்ணை மூடிக்கொண்டார். பதவி கிடைத்துவிட்டது. கால் தரையில் இருந்தது. நாலு நாள் ஐஐஸில் சுடுதண்ணீர். ஐந்தாம் நாள் களைத்து வருகிறவர்களைக் கரையில் நின்று வரவேற்க வேண்டும்; அதற்கான உரையின் முதல் வரிகூட மனதில் வந்துவிட்டது.

"ஆல்வினா," என்றார் கனிவாக, "என் பேரை அடிச்சுடும்மா."

ஆல்வினா சிவப்புப் பேனாவும் அடிக்கோலும் எடுத்தாள். பட்டியலில் மேலிருந்து கீழே ஒரு தடவை விரலை ஓட்டினாள். கீழிருந்து மேலே இன்னொரு தடவை. அப்புறம் ஒரு கோடு இழுத்தாள்.

"சார், ஒண்ணாவதுல 'இ. கோலியாத், குழுத் தலைவர்'னு இருக்கு. ஒன்பதாவதுல, பாட்டுக்காரம்மாங்களுக்குக் கையெழுத்து எப்படிப் போடணும்னு காட்டுறேன்னு, 'திரு. இம்மானுவேல் கோலியாத், பி.எட்., பயணத் தலைவர்'னு மறுபடியும் நீங்களே போட்டிருக்கீங்க. ஒண்ணை அடிச்சுட்டேன், இப்ப சரியா முப்பது, கிளம்புங்க, வெயில் ஏறுது."