வீட்டு மூளைக் கோளாறு நீக்கப்படும்

தெருமுனைப் பலகையில் கொட்டை எழுத்தில் இப்படித்தான் எழுதியிருந்தது: ‘வீட்டு மூளைக் கோளாறு நீக்கப்படும்.’

‘மூலை’ என்று இருந்திருக்க வேண்டும். எழுதச் சொன்னவரின் நாக்கில் லகரமும் ளகரமும் ஒன்றுதான். பலகை எழுதியவன் காதில் விழுந்ததை எழுதிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பலகைக்குக் கீழே காலை முதல் கூட்டம் நெரிந்தது. ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தும் வேலை பார்க்கிற ஒருவர்கூட அந்த வரிசையில்தான் நின்றார். சம்பளம் கொடுத்தால்தான் பிழை தெரியும் போலிருக்கிறது!

கூட்டம் எதற்கு? நாய்க்குட்டிக்கு. சிரிக்காதீர்கள், விஷயம் உண்மைதான்.

ஊரில் திடீரென்று எல்லாருக்கும் நாய்க்குட்டி வளர்க்கும் ஆசை வந்துவிட்டது. நல்ல ஆசைதான். குட்டி வருவதற்கு முன் வீட்டில் என்ன செய்ய வேண்டும்? தொங்குகிற ஒயரைச் சுருட்டி மேலே வைக்க வேண்டும். எலி மருந்தையும் மாத்திரை டப்பாவையும் பூட்டி வைக்க வேண்டும். படிக்கட்டுக்கு ஒரு தடுப்பு. படுக்க ஒரு பழைய துணி, குடிக்க ஒரு கிண்ணம். முடிந்தது. ஆனால் இதில் மர்மம் எங்கே இருக்கிறது? மர்மம் இல்லாத வேலையை நம்மவர்கள் மதிப்பார்களா? ஒயரைச் சுருட்டச் சொன்னால் “அப்புறம் பார்க்கலாம்” என்பார்கள். மூலையில் பொட்டலம் கட்டச் சொன்னால் ஏணியோடு வந்து நிற்பார்கள்.

அப்படிப்பட்ட ஊருக்கு வந்து சேர்ந்தார் மூலையார். தலையில் உயரமான குல்லாய், கையில் ரப்பர் குமிழ் போட்ட ஒரு கோல், பின்னால் எலும்பும் தோலுமாய் ஒரு கிழட்டு நாய். நாயின் பெயர் சாட்சி.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூலைக்குக் கோபமாம். புதுக் குட்டி உள்ளே வந்தால் அந்த மூலை குட்டியை முடித்துவிடுமாம். இல்லாவிட்டால் குட்டி மூலமாக வீட்டுத் தலைவரை முடித்துவிடுமாம். எந்த மூலை என்பதைச் சாட்சி காட்டிவிடும். “சாட்சி பொய் சொல்லாது” என்பார் மூலையார். அது சரிதான். பொய் சொல்வதற்குத்தான் அதன் முதலாளி இருந்தாரே!

மூலையார் முதலில் தனியாக உள்ளே போவார். கோலால் மூலைகளைத் தட்டி “எழுப்பி” விட்டு வருவார். பிறகு நாய் போகும். நேரே ஒரு மூலைக்கு ஓடி, பிராண்டி, முனகும். கூட்டம் “ஆ!” என்று வாய் பிளக்கும். சின்னக் கோளாறு என்றால் மூலைக்கு ஒரு பொட்டலம், குட்டியின் கழுத்துக்கு ஒரு பட்டை, இரண்டுக்கும் தனித்தனிக் காணிக்கை. பெரிய கோளாறு என்றால் குட்டி அந்த வீட்டில் இருக்கவே கூடாது. வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது, கோளாறு கூடவே போய்விடுமாம். மூலையாரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ரொட்டிக்கடைக்காரர் தம் செம்பட்டைக் குட்டியை அப்படித்தான் கொடுத்தார். திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே போனார். வீட்டுக்குப் போய் அழுதார் என்பது வேறு கதை.

எங்கள் தெருத் தையல்காரரின் மனைவிக்கு ஒரு குட்டி கிடைத்திருந்தது. பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தே கண் மங்கிப்போன பெண் அவள். வருடக்கணக்காகக் கேட்டு, கணவனைச் சம்மதிக்க வைத்து, வெட்டுத் துணிகளை அடைத்து மெத்தை தைத்து வைத்திருந்தாள். குட்டியின் மூக்கு கருப்புப் பொத்தான் மாதிரி இருந்ததால் அதன் பெயரும் பொத்தான். வந்த அன்றே அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றியது.

தையல்காரர் நாலு மூலையையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுத் தலைவர் அவர்தானே! மூலையாரை அழைத்து வந்துவிட்டார். பின்னாலேயே அரைத் தெருவும் வந்தது, பிழை திருத்துகிறவரும் ரொட்டிக்கடைக்காரரும் உட்பட.

மூலையார் முன்னறைக்குள் தனியாகப் போய் வந்தார். சாட்சி நுழைந்தது, மெத்தை போட்டிருந்த மூலைக்குப் பாய்ந்து பிராண்டியது. பொத்தானும் வாலை ஆட்டிக்கொண்டு அதே மூலைக்கு ஓடிச் சுவரை நக்கியது.

“பார்த்தீங்களா! மூலை குட்டிய இழுக்குது! பெரிய கோளாறு!” என்று அலறினார் மூலையார். “இன்னைக்கே குட்டி கைமாறணும். இல்லேன்னா...” என்று தையல்காரரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சிலேயே தையல்காரர் பாதி செத்துவிட்டார்.

“குடுத்துடும்மா. உசுரோட இருந்தா வேற குட்டி வாங்கிக்கலாம்” என்றார் மனைவியிடம்.

“வேற குட்டி எனக்கு எதுக்குங்க? இது என்னங்க பாவம் பண்ணுச்சு?” என்றாள் அவள்.

இந்த நேரத்தில்தான் தையல்காரரின் அக்கா வேலை முடிந்து வந்தாள். தபால் நிலையத்தில் பார்சல் வாங்குகிறவள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் எதையும் கையில் தொடாத தொழில். எல்லாரும் மூலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்திதான் தரையைப் பார்த்தாள். பாய்ந்துபோய்ப் பொத்தானைத் தூக்கி அதன் வாய்க்குள் விரலை விட்டாள். வெளியே வந்தது ஒரு குண்டூசி.

“தரை பூரா ஊசி கிடக்கு. இஸ்திரிப் பெட்டி ஒயர் வாய்க்கு எட்டுற மாதிரி தொங்குது. குட்டிய முடிக்கப்போறது மூலை இல்லடா, நீதான்!” என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மூலையார் பக்கம் திரும்பினாள். “ஐயா, உங்க சாட்சி பொய் சொல்லாதுல்ல?”

“சத்தியமா சொல்லாது.”

“அப்ப உள் அறையையும் பார்த்துடட்டும். ஆனா எல்லா வீட்டுலயும் போற மாதிரி நீங்க முன்னாடி போக வேணாம்.”

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மூலையாரால் மறுக்க முடியவில்லை. சாட்சி உள் அறைக்குள் போனது. ஒரு சுற்று சுற்றியது. மடித்து வைத்திருந்த போர்வை மேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது.

“கோலால தட்டி எழுப்பினாத்தான் மூலை முழிக்கும்” என்றார் மூலையார்.

“யாரு தட்டினாலும் முழிக்குமா? இல்ல, நீங்கதான் தட்டணுமா?”

மூலையாருக்குத் தம்மைவிடத் தம் கோலைப் பற்றித்தான் பெருமை அதிகம். “யாரு தட்டினா என்னம்மா? சக்தி கோல்ல இருக்கு!”

“அப்படிங்களா?” வெடுக்கென்று கோலை வாங்கிவிட்டாள். பிழை திருத்துகிறவரின் செருப்பில் குமிழை அழுத்தித் தேய்த்தாள். தூங்கின சாட்சி எழுந்து ஓடிவந்து செருப்பைப் பிராண்டியது. ரொட்டிக்கடைக்காரரின் முழங்காலில் தேய்த்தாள். சாட்சி முழங்காலை நக்கியது. அவருக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியாக மூலையாரின் குல்லாயில் தேய்த்தாள்.

சாட்சி ஒரே தாவு! முன்னங்கால் இரண்டும் முதலாளியின் தோளில், பல் குல்லாயில். மூலையார் மல்லாக்க விழுந்தார். விழுந்தவர் மண்டையை நாய் பிராண்டு பிராண்டென்று பிராண்டியது.

ரப்பர் குமிழின் அடியில் பொடிப்பொடியாக ஓட்டைகள். அக்கா அதைத் திருகிக் கழற்றினாள். உள்ளேயிருந்து ஒரு கருவாட்டுத் துண்டு விழுந்தது. நாற்றம் அறையைத் தூக்கியது. “மத்த மூலையில எல்லாம் சும்மா தட்டுவார், ஒண்ணுல மட்டும் தேய்ச்சிட்டு வருவார். பாவம், நாயைப் பட்டினி போட்டே வச்சிருக்கார். பசிச்ச வாய் வேற எங்க போகும்?”

ரொட்டிக்கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். “அப்ப என் குட்டி?” என்றபடி வாசலில் நின்ற மூலையாரின் வண்டிக்கு ஓடினார். மூடியிருந்த கூடையைத் திறந்தார். ஒன்றன்மேல் ஒன்றாகக் குட்டிகள். கோளாறு பிடித்த குட்டிகள்தான். ஒவ்வொன்றின் கழுத்திலும் சந்தை விலை எழுதிய சீட்டு தொங்கியது. அவருடைய செம்பட்டைக் குட்டிக்கு மூலையார் நல்ல விலை போட்டிருந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குள் மூலையார் கொல்லைப்புறமாக ஓடிவிட்டார். திரும்பிப் பார்க்காமல்தான் ஓடினார். சாட்சி அவரோடு போகவில்லை. கருவாட்டைத் தின்றுவிட்டு, தையல்காரர் மனைவி வைத்த சோற்றில் வாயை வைத்தது.

இனிமேலாவது புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? கூட்டத்தில் ஒருவர் மெல்லக் கேட்டார்: “அது சரி, அந்தக் கோலை விக்கிறீங்களா? அதுல ஏதோ இருக்கும்மா.”

“இருந்துச்சுங்க. நாய் தின்னுடுச்சு” என்றாள் அக்கா.

எல்லாரும் பலகைப் பக்கம் போனார்கள், உடைத்துப் போட. அப்போதுதான் பிழை திருத்துகிறவருக்குக் கண் திறந்தது. “அடடா! இதுல எழுத்துப் பிழை இருக்குதே! ‘மூலை’ன்னு போடறதுக்குப் பதிலா...”

“பிழை இல்லைங்க” என்றாள் அக்கா. “அந்த ஆளு சொன்னதுலயே உண்மை அது ஒண்ணுதான். கோளாறு எங்க இருக்குன்னு எழுதி மாட்டிட்டுத்தான் தொழில் பண்ணியிருக்கான். அவன் மூளைக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் ஓடியிருக்கு. வரிசையில நின்னவங்களுக்குத்தான் எழுதியிருக்கான்.”

பிழை திருத்துகிறவர் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

பலகையை உடைக்க வேண்டாம் என்று சொன்னவள் தையல்காரரின் மனைவி. இடுப்பில் பொத்தானை வைத்துக்கொண்டு, தையல் சுண்ணக்கட்டியை எடுத்து ‘நீக்கப்படும்’ என்ற சொல்லின் மேல் ஓங்கி ஒரு கோடு அடித்தாள். அதற்குப் பக்கத்தில், அளவெடுத்த மாதிரி நிதானமாக எழுதினாள்:

‘அவரவர் நீக்கிக்கொள்ளவும்.’