உனக்காக வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு

எனக்குப் பெரிய ஆசைகள் எதுவும் கிடையாது. இருந்தவற்றையெல்லாம் கல்யாணம் கவனித்துக்கொண்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் கார் பந்தயத்தில் என் மைத்துனனை ஒரே ஒரு முறையாவது ஜெயித்துவிட வேண்டும். ஜெயித்தே தீருவது என்று சபதமும் எடுத்தேன்.

அவன் அவன் வீட்டில், நான் என் வீட்டில். இருவர் காதிலும் ஹெட்போன். கொடி அசைந்ததும் நான்தான் முன்னால் போவேன். மூன்றாவது வளைவு வரும். என் கம்ப்யூட்டருக்கு அங்கே மூச்சு வாங்கும். கார் அப்படியே நின்றுவிடும். அதற்கு மறுபடி உயிர் வருவதற்குள் மைத்துனன் கோட்டைத் தாண்டி, கை கழுவி, சாப்பிட உட்கார்ந்திருப்பான்.

"என்ன மாமா, வண்டிய ஓரங்கட்டிட்டு வேடிக்கை பாக்கறீங்களா?"

இதை அவன் சிரிக்காமல் கேட்பான். அதுதான் தாங்காது.

பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருக்கும் என் மனைவியும் சும்மா இருக்க மாட்டாள்.

"வளைவுக்குக் கொஞ்சம் முன்னாடியே திருப்பணுங்க."

"உனக்கு என்ன தெரியும்? நீ துணிய மடி."

குற்றம் என் மேல் இல்லை. கம்பெனியிலேயே பூட்டி, மூடி, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிய ரெடிமேட் பெட்டி அது. கடிதம் அடிக்கப் பிறந்த ஜென்மம். படத்தைத் திக்காமல் ஓட வைக்கும் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டை அதற்குப் போட்டால் என் மானம் பிழைக்கும். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு குண்டூசி வாங்கவும் மேலிடத்து அனுமதி வேண்டும். விளையாட என்று சொன்னால் மனு அங்கேயே தள்ளுபடி. ஆகவே ஒரு பொய் சொன்னேன். பொய் என்பது பெரிய வார்த்தை. கரிசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. ஊரார் வீட்டுச் சமையலறைகளை வரைந்து கொடுப்பாள். அடுப்பு எங்கே, அலமாரி எங்கே என்று லேப்டாப்பில் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். அந்த லேப்டாப் ஒரு சமையலறையைத் திருப்புவதற்குள் எங்கள் நிஜச் சமையலறையில் பால் பொங்கி வழிந்துவிடும்.

"பாவம், இந்த லேப்டாப்ப வச்சுக்கிட்டு நீ எவ்வளவு கஷ்டப்படறே" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளைப் பாவம் என்று சொன்னது அதுவே முதல் தடவை.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"எனக்கா? எனக்கு என்ன வேணும்! நம்ம பெரிய கம்ப்யூட்டர்ல ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டா உன் வேலை பறக்கும். அதான் சொன்னேன்."

"எனக்காகவா?"

"உனக்காகத்தான்!"

"இருங்க, இத எங்கம்மா கேக்கணும்." போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மா, இவர் என்னமோ சொல்றாரு பாரு."

"எல்லாம் உங்க பொண்ணுக்காகத்தான் அத்தை" என்றேன்.

"நல்லா இருங்க மாப்பிள்ளை" என்று அந்தப் பக்கம் குரல் தழுதழுத்தது. என் நல்ல குணத்தை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

கார்டு வந்தது. கூடவே எங்கள் தெருவின் கம்ப்யூட்டர் மெக்கானிக்கும் வந்தார். காதில் எப்போதும் செருகியிருப்பதால் அவருக்குப் பெயரே ஸ்க்ரூடிரைவர். பெட்டியைத் திறந்தார். பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள போகாது சார். பெட்டி சின்னது, கார்டு நீளம்."

"கொஞ்சம் அழுத்திப் பாருங்களேன்."

"அழுத்தலாம். அப்புறம் ரெண்டு கார்டா ஆயிடும்."

மனைவியிடம் போனேன். "பெட்டிய மாத்தணுமாம்."

"அதுவும் எனக்காகவா?"

"பின்னே?"

"சரி, மாத்துங்க."

பெரிய பெட்டி வந்தது. "பவர் சப்ளைக்குத் தெம்பு பத்தாது சார்" என்றார் ஸ்க்ரூடிரைவர். தெம்பான பவர் சப்ளை வந்தது. அதன் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"இது பழைய மதர்போர்டுல சேராது. இந்தக் கம்பெனிக்காரன் எல்லாத்தையும் தனி அளவுல பண்ணியிருக்கான். அவன் வீட்டு ஆளுங்களத் தவிர வேற யாரையும் உள்ள சேக்க மாட்டான்."

"பேருதான் மதர்போர்டு. குணத்தப் பாத்தா மாமியார் போர்டு மாதிரியில்ல இருக்கு!"

"கேக்குது" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

புது மதர்போர்டு வந்தது. அதற்குப் பழைய பிராசஸர் பொருந்தவில்லை. புது பிராசஸர் வந்தது. அதற்குப் பழைய மெமரி ஆகவில்லை. கடைசியில் டிஸ்க்கையும் மானிட்டரையும் மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் "எனக்காகவா?" என்பாள். "உனக்காகத்தான்" என்பேன். உடனே சரி என்பாள். புடவைக் கடையில் கூட இப்படிச் சட்டென்று சரி சொல்கிறவள் இல்லை அவள். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"கழட்டினதையெல்லாம் நான் எடுத்துக்கறேன் மேடம்" என்றார் ஸ்க்ரூடிரைவர்.

"ஒரு திருகாணி கூட வெளிய போகக் கூடாது" என்றாள். எல்லாவற்றையும் பழைய துண்டுகளில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். என்ன சிக்கனம் என்று மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை வேலை முடிந்தது. கார்டு உள்ளே நீலமாக ஒளிர்ந்தது. தனியாக ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது வளைவு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மைத்துனனுக்குச் செய்தி அனுப்பினேன்: "நாளைக்கு வாடா, பாத்துக்கலாம்." "சரிங்க மாமா" என்று பதில் வந்தது. இவ்வளவு பணிவாக அவன் பேசியதே இல்லை. பயந்துவிட்டான் என்று நினைத்தேன்.

ஞாயிறன்று முடி வெட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தேன். புதுக் கம்ப்யூட்டரில் யாருடைய சமையலறையோ காற்றாடியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என் நாற்காலியில் என் மனைவி. மூலையில் இஸ்திரி மேஜைமேல் என் பழைய கம்ப்யூட்டர், முழு உருவத்தில். ஸ்க்ரூடிரைவர் அதற்குக் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"இது... எப்படி?"

"எல்லாமே பத்திரமா இருந்துச்சு சார். அதது அதது இடத்துல கச்சிதமா உக்காந்துடுச்சு. தாய் பிள்ளையா இருந்ததுங்க இல்லையா!"

"அப்ப, அந்தப் புதுசு?"

மனைவி திரும்பிப் பார்த்தாள். "எனக்காகத்தானே வாங்கினீங்க? சந்தேகமா இருந்தா எங்கம்மாவக் கேட்டுடலாமா?"

அவள் கை போனை நோக்கிப் போனது.

"வேண்டாம், வேண்டாம்!"

"உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து நான் எதையுமே எடுத்துக்கல. நல்லா பாத்துக்குங்க."

பார்த்தேன். ஸ்டிக்கர் கூட அப்படியே இருந்தது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு கெஞ்சினேன். "ஞாயித்துக்கிழமை உனக்கு லீவுதானே? அன்னிக்கு மட்டுமாவது..."

"ஞாயித்துக்கிழமை எனக்கு வேற வேலை இருக்குங்க."

சாயங்காலம் இஸ்திரி மேஜைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வராமல் இருந்தால் பயந்துவிட்டேன் என்பான். கொடி அசைவதற்கு முன்னால் பார்த்தால், கோட்டில் மூன்று கார்கள் நின்றன.

"யாருடா அது, சிவப்புக் கார்?"

"புது ஆள் மாமா" என்றான் மைத்துனன். "பாத்துப் போங்க."

வழக்கம்போல் நான்தான் முதலில் கிளம்பினேன். மூன்றாவது வளைவு வந்தது. சிவப்புக் கார் கொஞ்சம் முன்னாடியே திரும்பி, என்னைத் தாண்டிப் பறந்தது. எனக்குப் பின்னாலிருந்த மேஜையில் கீபோர்டு படபடத்தது.

"அக்கா, மெதுவா! என்னையும் விட்டுட்டுப் போறியே!" என்று ஹெட்போனில் அலறினான் மைத்துனன்.

முதலிடம் அக்கா, இரண்டாமிடம் தம்பி. மடிக்க வேண்டிய துணி என் மடியில் இருக்கிறது. நான் இன்னும் அந்த வளைவில்தான் நிற்கிறேன்.