எட்டுப் பேர் எடையில் உட்கார்ந்த இன்ஜின்

மத்தான்சாஸ், செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஃபெர்மீன் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் பாசிலியோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி சோய்லாவும் மூன்று கோழிகளும் நலம். அங்கே என் தங்கை ஒனெலியாவும், வருகிற சனிக்கிழமை கல்யாணப் பெண்ணாகப் போகும் உங்கள் மகள் மைலேனும் நலமாக இருக்கட்டும். உங்கள் நலத்தை இந்த முறை விசாரிக்கவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும்.

இன்ஜின் மாற்றிய என் செவர்லே டாக்சியைக் காட்டுவதற்காகப் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் கொலோன் வரை தனியாக ஓட்டி வந்தேன். பட்டுப் போல வந்தது. நீங்கள் குடும்பத்தோடு ஏழு பேர் ஏறி ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு, தெருவே பார்க்க, "மச்சான், இது காரா, காப்பி அரைக்கிற மெஷினா? என் பல்லெல்லாம் இடம் மாறிடுச்சு. சனிக்கிழமைக்கு நான் வேற வண்டி பாத்துக்கறேன்" என்றீர்கள். இந்தக் குடும்பத்தில் ஒனெலியா உட்பட நான்கு பெண்கள் கல்யாண மாளிகைக்குப் போனது இந்த வண்டியில்தான். ஐந்தாவது பெண் வேறு எவனோ வண்டியில் போனால் நான் எந்த முகத்தோடு கல்யாண ஊர்வலத்தில் ஹாரன் அடிப்பேன்?

"இன்ஜின் கோணலா உக்காந்திருக்கு" என்றும் சொன்னீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். லாரியில் கழற்றிய டீசல் இன்ஜினை ஐம்பத்தைந்தாம் வருடத்து வண்டிக்குள் இறக்குவது அடுப்பில் பானை வைக்கிற வேலை அல்ல. முன்னால் தள்ளினால் விசிறி ரேடியேட்டரைக் கடிக்கும், பின்னால் தள்ளினால் என் காலருகே இருக்கும் தகட்டில் முட்டும், தூக்கினால் பானெட் மூடாது, இறக்கினால் ஆயில் தொட்டி ஸ்டியரிங் கம்பியில் இடிக்கும், இத்தனைக்கும் நடுவில் இருந்த ஒரு விரல் இடத்தைப் பதினோரு நாள் தேடிக் கண்டுபிடித்தேன். பாதி ரம் இருந்த புட்டியை இன்ஜின் மேல் படுக்கவைத்து, ரம் சமமாக நிற்கும்வரை ஏற்றி இறக்கி, பிறகுதான் வெல்டிங் வைத்தேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்ல வந்தவர்களையும் நான் விட்டதில்லை.

திங்கட்கிழமை எதிர்வீட்டு முடிதிருத்துகிற ரிகோபெர்த்தோ வண்டிக்கு அடியில் ஊர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணே, காலி வண்டியில அளந்து என்ன பண்றது? உங்க டாக்சி என்னிக்குக் காலியா ஓடியிருக்கு? எட்டுப் பேர் ஏறினா பின்பக்கம் அமுங்குது, பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் மடங்குது, அதான் உதறுது" என்றான். அவன் சொல்லி நான் கேட்கவில்லை. எனக்கு முன்பே தோன்றியிருந்தது, வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே வெல்டிங்கை அறுத்து, இன்ஜினைச் சங்கிலியில் தொங்கவிட்டு, தெருக்காரர்களைக் கூப்பிட்டு டிரைவர் சீட் உட்பட எட்டுப் பேர் எடைக்கு வண்டியில் உட்காரவைத்தேன். பேக்கரி தொமாசா ஒருத்தியே இரண்டு பேருக்குச் சமம், அவளைப் பின்சீட்டின் நடுவில் வைத்தேன். எங்கே கூட்டம் கண்டாலும் ரேஷன் என்று வரிசையில் நிற்கிற நம் ஊர்க்காரர்கள், ஓடாத வண்டியில் ஆட்கள் ஏறுவதைப் பார்த்ததும் சும்மா போவார்களா? பையோடு ஒருத்தி வந்து, "வரிசையில கடைசி யாரு?" என்றாள். ஒருவர் கையைத் தூக்கினார். "என்ன குடுக்கறாங்க?" "தெரியல. ஆனா உக்காந்து வாங்கலாமாம்." கால்மணி நேரத்தில் வரிசை மருந்துக்கடை முனை வரைக்கும் போய்விட்டது. முட்டை என்று ஒருவர், இல்லை சோப்பு என்று இன்னொருவர். நான் இன்ஜினின் வாலை மயிரிழை மயிரிழையாக இறக்கிக்கொண்டிருக்கிறேன், உள்ளே டோமினோ ஆடுகிறார்கள், தொமாசா ஜெயித்துக் குதிக்கிறாள். "தொமாசா, குதிக்காதே, என் அளவு போகுது" என்றேன். "உன் அளவு போனா மறுபடி எடுக்கலாம், இந்த ஆட்டம் திரும்பி வருமா?" என்றாள். இரண்டரை மணி நேரம் ஒருவரையும் இறங்கவிடாமல் வெல்டிங்கை முடித்தேன். பிறகு டிரைவர் சீட்டில் மட்டும் நான் மாறி உட்கார்ந்து, அதே எட்டுப் பேர் எடையோடு மலைச்சாலையில் ஏறி இறங்கினோம். டேஷ்போர்டில் வைத்த காப்பிக் கோப்பையிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை.

எனவே என் இன்ஜின் கோணல் அல்ல. இனி ஒரு விரல்கூட அதை நகர்த்த மாட்டேன். நீங்கள் கைப்பட மன்னிப்பு எழுதி அனுப்பாவிட்டால் சனிக்கிழமை நானும் வரமாட்டேன், சோய்லாவும் வரமாட்டாள், வண்டியும் வராது. வேறு எவனையாவது ஹாரன் அடிக்கச் சொல்லுங்கள்.

மைலேன் நிறைவாக வாழட்டும். வருகிற மாப்பிள்ளை மாமனாரைப் போல் இல்லாதிருக்கட்டும்.

உங்கள் மேல் கோபம் குறையாத,
பாசிலியோ

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைக் கொலோன் பஸ் டிரைவரிடம் கொடுக்க இன்று காலை தனியாக வண்டியை எடுத்தேன். உதறின உதறலில் இரண்டாவது திருப்பத்தில் என் தொப்பி விழுந்தது, மூன்றாவதில் வண்டியின் பக்கக் கண்ணாடி விழுந்தது. ரிகோபெர்த்தோ பார்த்துவிட்டு, "இனி எட்டுப் பேர் இல்லாம இது ஓடாதுண்ணே" என்கிறான். நகர்த்த மாட்டேன் என்று மேலே எழுதிவிட்டேன், நகர்த்த மாட்டேன். மன்னிப்பு எழுத வேண்டாம், நேரிலேயே வாங்கிக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை எட்டுப் பேரும் வருகிறோம். மைலேன் ஏறும்போது இருவர் இறங்கினால் கவுனுக்கும் இடம் இருக்கும். தொமாசா மட்டும் இறங்க முடியாது, அவள் இறங்கினால் கல்யாணப் பெண்ணின் பல் இடம் மாறும். விருந்துக்குச் சின்னப் பன்றியாகச் சொல்லியிருந்தால் உடனே பெரிதாக மாற்றிவிடுங்கள்.