பணியாரப் பூதம், பாகம் இரண்டு

பத்தாம் பக்கம் வருவதற்குள் பிரவீனா தூங்கிவிட்டாள். கையிலிருந்த காகிதக் கட்டு நழுவி, 'பணியாரப் பூதம், பாகம் இரண்டு' கட்டிலுக்கடியில் சிதறியது. ஞாயிற்றுக்கிழமை காலை மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது.

பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தனபால் குனிந்து தாள்களைப் பொறுக்கினார். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் மேற்பார்வையாளர் அவர். காவிரிக்கரையில் பணியாரக் கடை வைத்துப் பிழைக்கும் ஒரு சாதுவான பூதத்தைப் பற்றி அவர் எழுதிய முதல் பாகத்தை இதே மனைவி ஒரே மூச்சில் படித்து அழுதாள். பதினெட்டு வருஷமாக அவரை ஒன்றுக்கும் ஆகாத ஆளென்று நினைத்திருந்தவள், அதற்குப் பிறகுதான் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கத் தொடங்கினாள். அந்தப் பார்வை போய்விட்டால் மனுஷன் எதை வைத்துக்கொண்டு வாழ்வது?

எழுப்பிக் கேட்டார்.

"நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள் கண்ணைத் திறக்காமல். "ஆனா மொதப் பாகத்துல கருகுன பணியாரத்தப் பூதம் தின்னுபோட்டு, நல்லதா நாலு எடுத்து அந்தத் தனிக்கட்ட அம்மாளுக்கு வெச்சிருக்குமே. அந்த மாதிரி ஒண்ணையும் காணமுங்க."

அப்படி ஒரு காட்சி எழுதியதாகத் தனபாலுக்கு நினைவில்லை. அச்சான தன் எழுத்தைத் தானே படித்துப் பார்ப்பது தற்பெருமை என்பது அவர் கொள்கை. அதனால் அந்தப் புத்தகத்தை அவர் திறந்ததே இல்லை. ஏதோ அருள் வந்து எழுதியிருப்போம் என்று தலையாட்டிவைத்தார்.

மறுநாள் பூதத்துக்கு ஒரு சண்டை வைத்தார். பிரவீனாவுக்குப் பூதத்தின் மேலிருந்த பிரியமும் போயிற்று. சண்டையை எடுத்துவிட்டுக் கல்யாணம் செய்துவைத்தார். பூதத்தின் பெண்டாட்டி பக்கத்துக்குப் பக்கம் குறை சொன்னாள். தன்னைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று பிரவீனா இரண்டு வேளை சமைக்கவில்லை. பயந்துபோய்ப் பூதத்துக்கு ஞானம் வரவழைத்தார். அது நாற்பது பக்கம் அறிவுரை சொன்னது. ஐந்தாம் பக்கத்திலேயே அவளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

வேறு வழியில்லை. முதல் பாகத்தை டைப் செய்து, பிழை திருத்தி, பதிப்பாளரிடம் சேர்த்தது சௌந்திரம் அம்மாள். இந்தத் தடவை தனபால் செல்போனிலேயே டைப் செய்து பிரிண்டும் எடுத்துவிட்டதால் அவரிடம் போகவில்லை. இப்போது யோசனை கேட்கலாமென்று சேலம் அம்மாபேட்டைக்குப் பஸ் ஏறினார். புடவை எடுக்க வேண்டுமென்று பிரவீனாவும் கூடவே கிளம்பினாள்.

சௌந்திரம் பத்துப் பக்கம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் இரண்டு பக்கம் படித்தார்.

"ஏனுங்க, இத நீங்களேவா எழுதுனீங்க?"

"ஆமாங்க, பூராவும் நானேதான்," என்றார் தனபால். "மொதப் பாகத்துல இருந்தது என்னமோ இதுல இல்லீனு ஊட்ல சொல்றாங்க. அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

சௌந்திரம் பிரவீனாவைப் பார்த்தார். அப்புறம் தனபாலைப் பார்த்தார். சொல்லாமல் வைத்திருந்ததை இனிச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"கோவிச்சுக்காதீங்க. மொதத் தடவ நீங்க காயிதக் கட்ட முட்டை லாரியில குடுத்து உட்டீங்கள்ல, வழியில முட்டையெல்லாம் ஒடஞ்சு தாள் பூரா ஒட்டிக்கிச்சுங்க. தலைப்பும் மொதப் பக்கமுந்தான் தெரிஞ்சுது. நீங்க வேற அவசரம்னீங்க, மீதிய நானே எழுதிப்போட்டனுங்க."