வாளிக்குள் பாலைவனம்

பாலைவனப் பல்லி மறுபடியும் வாளிக்குள் இருந்தது.

காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. தரை துடைக்க ஒன்றாம் எண் கண்ணாடி அறையின் கதவைத் திறந்தால் போதும். மணல் மேட்டிலிருந்து ஒரே தாவல். வாளித் தண்ணீரில் தலை மட்டும் வெளியே தெரிய, கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்துவிடும்.

டிக்கெட்காரர் கதவுப் பலகையை இன்னொரு தடவை படித்தார். மேலே வாயில் நுழையாத ஒரு லத்தீன் பெயர். கீழே, "வாழிடம்: வறண்ட பாலைவனம். உணவு: இலை, விதை. தண்ணீர் குடிப்பது மிக அரிது."

"குடிக்கிறதப் பத்தித்தான் போட்டிருக்கு. குளிக்கிறதப் பத்தி ஒண்ணும் போடல," என்று முணுமுணுத்தார்.

மிருகக்காட்சிசாலை வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். உலகப் பல்லிகள் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். பத்து நாள் முன்னால், பல்லிகளைப் பெட்டிகளில் அடைத்துவிட்டுக் கூடத்துக்கு வர்ணம் பூசிய அன்று, மச்சான் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மறுநாளே கூடம் டிக்கெட்காரர் தலையில் விழுந்தது. அவருக்குப் பல்லி என்றால் வீட்டுச் சுவரில் டியூப் லைட் பக்கம் இருப்பது மட்டும்தான்.

இன்று பதினோரு மணிக்குப் பல்லி நிபுணரான ஒரு அம்மா ஆய்வுக்கு வருகிறார். 'பல்லிகள் இயற்கையான வாழிடத்தில் இல்லை' என்று அவர் ஒரு வரி எழுதினால் கூடத்தை மூடிவிடுவார்கள். மச்சானுக்கு வேலை போய்விடும்.

"எங்கண்ணன் வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீங்க அந்தப் பல்லிங்ககூடவே குடித்தனம் நடத்திக்கலாம்," என்று மனைவி காலையில் டிபன் டப்பாவோடு சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"சார், ஒரு விஷயம்..." ஏணி மேலிருந்து பெயின்டர் கூப்பிட்டார். கூடத்தின் பெயரை வாசலில் எழுதும் வேலை அவருக்கு இன்னும் பாக்கி.

"அப்புறம் சொல்லுய்யா!"

டிக்கெட்காரர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"மச்சான், பாலைவனம் வாளியில குளிக்குது."

"அதுக்குத் தண்ணின்னாலே ஆகாது மாப்ளே. நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பார்த்தேன். சோப்பு ஒண்ணுதான் கேக்கல."

"அதைச் சீக்கிரம் துடைச்சு வைங்க, சளி புடிச்சுக்கப் போகுது! ஐயோ, நர்ஸ் ஊசியோட வர்றாங்க..." போன் நின்றுவிட்டது.

இரண்டாம் அறை மழைக்காடு. அதிலிருந்த குண்டுப் பல்லி, பத்து நாளாகக் குளத்துப் பக்கமே போகவில்லை. டிக்கெட்காரர் கண்ணாடியைத் தட்டியதும் அது வாயைப் பிளந்து நாக்கை நீட்டியது. நாக்கு நல்ல நீலம். பெயின்டை நக்கித் தொலைத்துவிட்டதா?

மூன்றாம் அறை காய்ந்த புல்வெளி. பலகையில் போட்டிருந்தபடி அவர் நத்தைகளை விட்டிருந்தார். முள்முள்ளாக வால் வைத்திருந்த அந்தப் பல்லி நத்தையைத் திரும்பியும் பார்க்கவில்லை; புல்வெளியைத்தான் பாதி மேய்ந்திருந்தது. பயமில்லாமல் போன நத்தைகள் கண்ணாடி முழுக்க ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன.

மணி பத்தரை.

முதலில் பாலைவனத்தைத் துவட்டலாம் என்று துண்டை எடுத்து வாளியில் கை விட்டார். பல்லி வழுக்கிக்கொண்டு பறந்தது. தண்ணீர் தெளிக்கத் திறந்து வைத்திருந்த மழைக்காட்டுக்குள் புகுந்து, பின்னங்கால் இரண்டில் நிமிர்ந்து, குளத்துத் தண்ணீர் மேலேயே தடதடவென்று ஓடி, கொடிகளுக்குள் மறைந்தது.

"உயிர்ப் பயம் வந்தா தண்ணி மேலயும் ஓடும் போலிருக்கு!" என்று வாயைப் பிளந்தார் டிக்கெட்காரர்.

கொடிக்குள் கை விட்டுத் துழாவினார். சட்டைதான் நனைந்தது. ஒரே அறையில் இரண்டு பல்லி இருந்தால் கடித்துக்கொள்ளுமே! நீலநாக்கை எடுத்து மூன்றாம் அறைக்குள் விட்டார். அதுதான் கடைசி அறை. அங்கே வருவதற்குள் அந்த அம்மாவுக்கு நேரமாகிவிடும். பெயின்ட் நக்கிய நோயாளியை மிச்சப் புல்லும் கொஞ்சம் மறைக்கும்.

இப்போது புல்வெளியில் இரண்டு பல்லி. முள்வாலைத் தூக்கப் போனார். அது வாலைச் சுழற்றி மணிக்கட்டில் பளாரென்று ஒன்று வைத்தது.

"அடிக்கிறியா? வீட்டுல வாங்கறது பத்தாதா எனக்கு?"

துண்டில் சுற்றித் தூக்கினார். காலியாக இருந்தது பாலைவனம் மட்டும்தான். அங்கே இறக்கிவிட்டார்.

"சார், அந்த விஷயம்..." என்று பெயின்டர் ஏணியில் இரண்டு படி இறங்கி வந்தார்.

"மூணு பல்லியும் இடம் மாறிக் கெடக்கு, இப்பத்தானா விஷயம்? மேல ஏறுய்யா!"

பெயின்டர் முகம் வெளுத்து மேலே ஏறினார். வாசலில் ஜீப் வந்து நின்றது.

நிபுணர் அம்மா மூக்குக் கண்ணாடியோடும் தடித்த குறிப்பேட்டோடும் வந்தார். ஒன்றாம் அறை முன்னால் ஐந்து நிமிடம் நின்றார். முள்வால் விளக்கடியில் மணல்மேல் உடம்பைப் பரப்பிக்கொண்டு, பத்து நாளாக யாரும் தொடாத இலைகளை நறுக் நறுக்கென்று தின்றுகொண்டிருந்தது.

"ம்," என்றார்.

இரண்டாம் அறையில் அந்த ஓட்டக்காரப் பல்லி, கேட்காமலே குளத்தின்மேல் இன்னொரு ஓட்டம் ஓடிக் காட்டியது. மூன்றாம் அறையில் நீலநாக்கு ஊர்வலத்தின் கடைசி நத்தையை முடித்துவிட்டு உதட்டை நக்கியது.

"இதெல்லாம் யார் பண்ணின ஏற்பாடு?"

டிக்கெட்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். போனால் தன் வேலை போகட்டும், மச்சான் பிழைக்கட்டும்.

"நான்தான் மேடம். மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாத்துக்கும் நான்தான் காரணம்."

"இவ்வளவு அடக்கம் கூடாதுங்க," என்று அந்த அம்மா சிரித்தார். "முப்பது வருஷமாப் பார்க்கறேன். ஒவ்வொண்ணும் சொந்த ஊர்ல இருக்கற மாதிரி இருக்குறது இங்கதான். கூடத்தை இன்னும் பெருசாக்கச் சொல்லி எழுதறேன். உங்களையும் இங்கயே வச்சுக்கச் சொல்றேன்."

ஜீப் போனதுதான் தாமதம், டிக்கெட்காரர் போனை எடுத்தார்.

"மச்சான், பாஸ்! ரெண்டு பேருக்கும் வேலை! ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த அம்மாவுக்குப் பல்லியப் பத்தி ஒரு மண்ணும் தெரியல. மூணும் மூணு தப்பான இடத்துல உக்காந்திருக்கு, அந்தம்மா பாராட்டிட்டுப் போகுது!"

மறுமுனையில் மச்சான் ஏதோ கேட்பதற்குள், பெயின்டர் ஏணியிலிருந்து இறங்கி வந்து கும்பிட்டார்.

"உங்க மச்சான்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். அவரு வழுக்கி விழுந்த அன்னிக்கு, பெட்டியிலேர்ந்து மூணையும் நான்தான் தப்புத் தப்பா மாத்தி விட்டேன்னு எப்பிடி சார் கண்டுபிடிச்சீங்க?"