அக்காவின் இன்ஜினுக்கு நான் தேய்த்த ஹெட்

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். அத்தையிடம் கூடவே கூடாது, ஏனென்றால் அத்தை அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டுவிடுவார். படித்ததும் கிழித்துவிடுங்கள். முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று தெரியும். தயவுசெய்து நலமாகவே இருங்கள், உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருப்பதால் கடிதம். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, சந்தேகம் வராமலிருக்கக் குழாயைச் சொட்டவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் வாளி பாதி, பயம் பாதி.

மோட்டார் பொருத்திய நம் சைக்கிளுக்கு நீங்கள் அனுப்பிய சிலிண்டர் ஹெட், இன்ஜினின் அந்த மேல்மூடி, வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்தது யார் என்று கேட்கவே வேண்டாம், அக்காதான். அப்பா, கடையில் பஞ்சருக்கு வந்த சைக்கிள்களையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு, பழைய ஹெட்டையும் புது ஹெட்டையும் மேஜைமேல் அருகருகே வைத்து, இரண்டு பிள்ளைகளில் யாருக்கு மார்க் அதிகம் என்று பார்ப்பவர் போலப் பார்த்தார். பழையதில் செதில்கள் குட்டை, பிளக் சாய்ந்து உட்காரும். புதியதில் செதில்கள் உயரம், பிளக் நட்டநடுவில். நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "புதுசே போடலாம்ப்பா. செதில் பெருசு, சூடு சீக்கிரம் இறங்கும். பிளக் நடுவுல இருக்கு, நெருப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும்" என்றேன். அப்பா ஹெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம்... போய் டீ வாங்கிட்டு வா" என்றார். நான் டீயோடு திரும்பி வரும்போது அக்கா அதையே, செதில் முதல் நெருப்பு வரை வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா? இதுக்குப் பேருதான் மூளை. பக்கத்துல நின்னு கத்துக்கோ" என்கிறார். மாமா, டீயை அவர் தலையில் ஊற்றாமல் மேஜையில் வைத்தேன் என்பதை என் நல்ல குணத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு முடிந்ததா? இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு மேட்டுச்சாலையில் நடக்கிற மோட்டார் சைக்கிள்காரர்கள் பந்தயத்தில், நம் சைக்கிளையும் ஓட அனுமதித்திருக்கிறார்கள். ஓட்டப் போவது அவள். எனக்கும் பெடல் எட்டுகிறது. நான் ஒரு நட்டைத் தொட்டால் மூக்கு வரை கிரீஸ் ஏறிவிடுகிறது. அவள் இன்ஜினையே பிரித்தாலும் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி நிற்கிறாள். அப்பா அவளிடம், "ஹெட்டோட அடிப்பக்கத்தைக் கண்ணாடி மேல எமரித் தாள் வச்சு லேசா மட்டம் பண்ணணும்மா. ரொம்பத் தேய்ச்சா கெட்டுப் போயிடும்" என்று சொன்னார். அவளும் லேசாகத் தேய்த்து வைத்தாள். என் மனதில் நின்றது அப்பா சொன்னதன் பின்பாதிதான். இருவரும் செயின் வாங்கப் போன அன்று மாலை, சுவரில் மாட்டியிருந்த அவளுடைய பரிசுச் சான்றிதழின் கண்ணாடியைக் கழற்றி, சொரசொரப்பான அந்த எமரித் தாளை ஒட்டி, தேய்க்க உட்கார்ந்தேன். அவளுக்குப் புது செருப்பு, எனக்கு அவளுடைய பழைய செருப்பு என்று நினைத்துக்கொண்டு ஒரு சுற்று. அவள் பாடினால் வீடே அமைதியாகிறது, நான் பாடினால் "பரீட்சை இல்லையா?" என்கிறார்கள் என்று ஒரு சுற்று. நினைக்க நினைக்க வந்துகொண்டே இருந்தது. கை ஓய்ந்தபோது ஹெட் பளபளவென்று இளைத்துப் போயிருந்தது. நன்றாகக் கெட்டுவிட்டது என்று மகிழ்ந்து, துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

மறுநாள் அதைப் பூட்டி அக்கா ஏறி உட்கார்ந்தாள். பள்ளிச் சுவரோரம் உள்ள ஏற்றத்தில் எப்போதும் பெடல் மிதித்துத் திணறும் சைக்கிள், யாரோ பின்னால் உதைத்த மாதிரி பாய்ந்தது. தையல்கடைக்காரர் ஊசியோடு வெளியே ஓடிவந்தார். தேய்த்தால் உள்ளே எரிகிற இடம் சுருங்குமாம், சுருங்கினால் அழுத்தம் கூடுமாம், அழுத்தம் கூடினால் இழுவை கூடுமாம். இதை அப்பா தெருவுக்கே விளக்கினார். எனக்கு முன்பே தெரிந்திருந்தால் சுத்தியலை எடுத்திருப்பேன். "என் பொண்ணு கை பட்டா இரும்புகூடப் பேச்சுக் கேக்கும்" என்று அவர் கண் கலங்கச் சொன்னார். அது என் கை, மாமா! அக்கா லேசாகத்தான் தேய்த்தாள், மிச்சமெல்லாம் நான். சொன்னால் அடி, சொல்லாவிட்டால் பெயர் அவளுக்கு. இரண்டு இரவாக எது பெரிய கஷ்டம் என்றே எனக்குத் தெரியவில்லை.

இப்போது பயத்துக்கு வருகிறேன். ஏற்றத்தில் இன்ஜின் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினது போலச் சத்தம் போடுகிறது. அப்பா "அது பலம் பேசுற சத்தம்" என்கிறார். போன முறை வந்தபோது நீங்கள் சொன்னது நினைவிருந்ததால், இன்று யாரும் இல்லாத நேரம் பிளக்கைக் கழற்றி, துளை வழியாக ஈயக்கம்பியை நுழைத்து, சைக்கிளை மெல்லத் தள்ளி பிஸ்டனை மேலே வரச் செய்து, அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். நசுங்கிய நுனி நகத்தின் கனமாவது இருக்க வேண்டும் என்றீர்கள். மிட்டாய்த் தாள் மாதிரி வந்தது. சூடேறினால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும்தானே? இடித்துச் சிக்கிக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும்தானே? மேட்டின் அந்தப் பக்கம் முழுக்க இறக்கம், மாமா. எனக்கு அவள் தோற்க வேண்டும், அவ்வளவுதான். விழ வேண்டாம்.

அதனால் நீங்கள் உடனே அப்பாவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். தவறான ஹெட்டை அனுப்பிவிட்டேன், பழையதையே மாட்டுங்கள் என்று நீங்களாகவே எழுதுவது போல எழுதுங்கள். என் பெயர் எங்கும் வரக் கூடாது. ஆனால் கடைசியில், சின்னவளுக்கு ஹெட் விஷயத்தில் நல்ல ஞானம் உண்டு என்று சம்பந்தமில்லாமல் ஒரு வரி வந்தால் தவறில்லை.

அத்தைக்கு என் அன்பு. பாப்பாவுக்கு என் முத்தம். உங்கள் பட்டறையில் எல்லா இன்ஜினும் ஒரே உதையில் கிளம்ப வேண்டும் என்று

யாரோ கதவைத் தட்டு

பின்குறிப்பு: தட்டியது அக்கா. கடிதத்தை வாளிக்கு அடியில் ஒளித்துவிட்டுக் கதவைத் திறந்தேன். உள்ளே வந்து தாழ் போட்டுக்கொண்டு, "ஏய், ஞாயித்துக்கிழமை நீ ஓட்டுறியா?" என்றாள். "அந்தச் சத்தம் கேட்டாலே என் கை பிரேக்குக்குப் போயிடுதுடி. அப்பாகிட்ட சொன்னா முகம் வாடிடும். கால் சுளுக்குன்னு சொல்லிக்கிறேன். உனக்குத்தான் பயமே கிடையாதே!" அவள் முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். அவள் போய்ப் படுத்துவிட்டாள், நிம்மதியாகக் குறட்டை விடுகிறாள்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். அப்பாவுக்குக் கடிதம் வேண்டாம். நீங்கள் அனுப்பியது மிக நல்ல ஹெட். எனக்கு மட்டும் தபால் கிடைத்ததும் பதில் எழுதுங்கள்: ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் தகட்டை ஒன்றுக்கு இரண்டாக வைத்துப் பூட்டினால் கம்பி நகத்தின் கனம் வந்துவிடுமா? வந்தால், அதற்குப் பிறகும் அக்கா ஓட்டியதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகுமா? நிறைய வேண்டாம், மாமா. பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தால் போதும்.