சோத்தாங்கைப் பக்கம்

ஷூ லேஸைக் கட்டக் குனிந்த லூர்துசாமியால் நிமிர முடியவில்லை. முட்டி பூட்டிக்கொண்டது. எதிரே கேப்டன் ஷ்ரேயஸ் வந்து நின்றான்.

"என்ன ஆச்சு அண்ணா?"

"ஒண்ணுமில்லடே. தரை வழுக்குதான்னு பாக்கேன்."

தரையை அவர் வெகுநேரம் பார்த்தார்.

புனே ஆகுர்டி தமிழ்க் காலனியின் கூடைப்பந்து அணியில், பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் கார்டு அவர்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர்தான். இன்று லோஹேகாவ் அணியோடு அரையிறுதி. அவர்கள் எல்லாம் விமானப்படை ஆட்கள். ஜெயித்தால் நாசிக்கில் இறுதி ஆட்டம். நாசிக் போகும் அணியில் தனக்கு இடம் இருக்குமா என்ற கவலை லூர்துசாமியின் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

முதலில் தலைக்குச் சாயம் அடித்துப் பார்த்தார். வியர்வையில் அது கழுத்துவரை இறங்கியது.

"கரிக்கடையில படுத்து எந்திரிச்சியளா?" என்றாள் மனைவி ஸ்டெல்லா.

பிறகு முட்டிக்கு இறுக்கிக் கட்டுப் போட்டார். கால் மரத்துப்போய், பயிற்சியில் பந்து ஒரு பக்கம் போக, அவர் ஒரு பக்கம் போனார்.

"பேசாம வீட்ல இருங்களேன்" என்றாள் அவள்.

"நான் இல்லாட்டி பயலுவ திசை தெரியாம ஓடுவானுவட்டீ!"

ஆட்டம் தொடங்கியது. நெட்டையான ஒரு லோஹேகாவ்காரன் அவர் கையிலிருந்து பந்தை லாகவமாக எடுத்துக்கொண்டு, "ஷுக்ரியா அங்கிள்" என்று சொல்லிவிட்டு ஓடினான். அடுத்த முறையும் எடுத்தான். அப்போது நன்றிகூடச் சொல்லவில்லை.

"அண்ணா, கொஞ்சம் உக்காந்து ஆராம் பண்ணுங்க" என்று ஷ்ரேயஸ் அவரை வெளியே அழைத்தான். அவர் இடத்துக்கு ஜெபகுமார் போனான், புனேயிலேயே பிறந்து வளர்ந்த பையன்.

லூர்துசாமி பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரணியினர் ஒருவரையொருவர் இந்தியில் கூப்பிடுவது காதில் விழுந்தது. சட்டென்று மூளைக்குள் விளக்கு எரிந்தது. தமிழில் யோசனை சொன்னால் இவர்களில் எவனுக்குப் புரியும்?

"லே ஜெபா! சோத்தாங்கைப் பக்கம் குடுல!"

ஜெபகுமார் முழித்தான். அதற்குள் வலப்பக்கம் மூன்று பேர் சுவர்போல் நின்றார்கள். பந்து போயிற்று.

"பீச்சாங்கை! பீச்சாங்கை!"

இப்போது சுவர் இடப்பக்கம் நகர்ந்தது.

பையன்களுக்கு வேகம் போதவில்லை என்று லூர்துசாமி முடிவுகட்டினார். இன்னும் உரக்கக் கத்தினார். இடைவேளைக்குள் அணி படுபாதாளத்தில் கிடந்தது. பையன்கள் மூலையில் கூடி மராத்தியில் கிசுகிசுத்தார்கள். அவர் நொண்டிக்கொண்டு அருகே போனதும் பேச்சு நின்றது.

கதை முடிந்தது என்று நினைத்தார்.

"அண்ணா," என்றான் ஷ்ரேயஸ், "நீங்க இதே மாதிரி கத்துங்க. கத்துறத மட்டும் பந்த் பண்ணாதீங்க, நிறுத்தவே கூடாது."

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். அவர் ஒவ்வொரு முறை கத்தியபோதும் கூடையில் பந்து விழுந்தது. "சோத்தாங்கை!" என்றார், ஜெபகுமார் இடப்பக்கம் பாய்ந்து போட்டான். லூர்துசாமி ஒரு கணம் குழம்பினார். இடைவேளைக்குப் பின் கூடை மாறிவிட்டதே, பெஞ்சிலிருந்து பார்க்கும் தனக்குத்தான் இடம் வலம் புரண்டிருக்கும் என்று தேறினார். பையன்கள் கெட்டிக்காரர்கள்.

ஆகுர்டி ஜெயித்தது. ஷ்ரேயஸ் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். "எல்லாம் உங்களாலதான் அண்ணா!"

லூர்துசாமி போனை எடுத்தார்.

"ஸ்டெல்லா, நாசிக்குக்குப் பையைக் கட்டு! காலு போனா என்னட்டீ, மூளை இருக்குல்லா! நம்ம தமிழ வச்சே அவனுவள மடக்கிட்டேன்!"

பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஜெபகுமார் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"அங்கிள், உங்க தமிழ் எங்களுக்கு ஒண்ணுமே புரியல, அவங்க ஆளு ஒருத்தருக்குத்தான் புரிஞ்சுது; அவங்க ஓடுற பக்கத்துக்கு உல்டாவா நாங்க போனோம்... நாசிக்ல நம்ம எதிர் டீம்லயும் ஒரு தமிழ் ஆள் இருக்கணும்னு சாமிகிட்ட வேண்டிக்குங்க."